தோட்டா எங்கே போய் நிற்கும்?

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, போலீஸ் இல்லை, பட்டாளத்தானும் இல்லை. பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை எழுதிச் சேர்ந்து, அம்பாசமுத்திரத்தை விட்டு ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது பெங்களூர் ஜோகுபாளையத்தில் குப்பை கொட்டுகிற ஆபீஸர். நான் சொல்வதை மட்டும் நம்பி யாரும் எதையும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

விஷயம் இதுதான். ஒரே மாதத்தில் இரண்டு பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

முதல் ஆள் என் மச்சினன். டல்லாஸ் பக்கம் இருக்கிறான். அவன் தெருவில் இரண்டு இந்தியர் வீடுகளில் அடுத்தடுத்து திருட்டு. நம்மவர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது அமெரிக்கத் திருடர்களுக்கும் தெரிந்துபோய் ரொம்ப வருஷமாகிறது. போன் செய்தான். "அத்தான், ஒரு நைன் எம்.எம். பிஸ்டல் வாங்கிட்டேன். அக்காகிட்ட சொல்லிடாதீங்க. தோட்டா வாங்கப் போனா ஒரு சுவர் முழுக்க அடுக்கி வச்சிருக்கான், எதை எடுக்கிறதுன்னே தெரியல. நீங்கதான் பேங்க்ல துப்பாக்கி தோட்டாவுக்கெல்லாம் கணக்கு பாக்குறவராச்சே?" (அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது.)

இரண்டாவது ஆள் பக்கத்து வீட்டு அண்ணன். எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். இரண்டு சந்து தள்ளி ஒரு குடும்பம் வேளாங்கண்ணி போயிருந்தபோது பூட்டை உடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. "சார், லைசென்ஸ் போட்டு ஒரு ரிவால்வர் வாங்கி வச்சுக்கலாமான்னு பாக்குறேன். உங்க பேங்க் கார்டுகிட்ட என்ன தோட்டா நல்லதுன்னு கேட்டு சொல்லுங்களேன்" என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பதிலுக்கும் அடிப்படை ஒன்றுதான். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கிளையின் துப்பாக்கிக்காரர்.

அவர் மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அல்சூர் ஏரிக்கரையில் நடந்தவர்களுக்கு அந்தப் பட்டாளத்தின் சென்டர் தெரிந்திருக்கும். ராணுவத்தில் அந்தப் படைக்காரர்களுக்கே "தம்பி" என்றுதான் செல்லப்பெயர். எங்கள் கிளையில் இருப்பது 12 போர் இரட்டைக்குழல். தோட்டாக்களை எண்ணி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது ஆபீஸர் வேலை. நான் பணம் எண்ணுகிற மாதிரி மடமடவென்று எண்ணினால் அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றாக எடுத்து, பித்தளை கறுத்திருக்கிறதா, உறை ஊதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். "ஈரம் குடிச்ச தோட்டாவ நம்பக்கூடாது சார். வெடிக்க வேண்டியப்ப வெடிக்காது" என்பார்.

ஒருநாள் எல்.ஜி., எஸ்.ஜி. என்று ரகம் ரகமாக எழுதியிருக்கிறதே, எது நல்லது என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்னது: "கையில இருக்கிற வரைக்கும்தான் சார் தோட்டா நம்மளோடது. கிளம்பிடுச்சுன்னா அது எங்கயாவது போய் நிக்கணும் இல்லையா? எங்க போய் நிக்கும்னு பாத்துட்டுத்தான் எது நல்லதுன்னு சொல்ல முடியும்." கிளையில் அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் முன்னால் கேஷ் கவுன்டர், வாசலில் பென்ஷன் வாங்க வந்த கூட்டம், அதற்கப்புறம் பஸ் ஸ்டாப்.

இப்போது மச்சினன் பார்த்த அந்தச் சுவருக்கு வருவோம். ரகங்கள் நூறு இருந்தாலும் வீட்டுக் காவலுக்கு என்று பார்த்தால் குடும்பம் இரண்டுதான்.

ஒன்று, ஈயக் குண்டை முழுக்கச் செம்பு உறைக்குள் வைத்தது. எஃப்.எம்.ஜே. என்பார்கள். மூக்கு உருண்டையாக இருக்கும். விலை குறைவு. ரேஞ்சில் பழகுவதற்கு எல்லோரும் வாங்குவது இதைத்தான். இது உடம்பில் பட்டால் உருமாறாமல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே போய்விடும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்று ஹாலோ பாயிண்ட். குண்டின் மூக்கில் ஒரு குழி இருக்கும். உடம்பில் பட்டதும் அந்தக் குழி வழியாக விரிந்து குடை மாதிரி ஆகிவிடும். விரிந்த குண்டு சீக்கிரம் வேகமிழந்து உள்ளேயே நின்றுவிடும்.

கேட்டால் இரண்டாவதுதான் கொடூரமாகத் தெரியும். அதில் நம் நாட்டுச் சரித்திரமும் இருக்கிறது. கொல்கத்தா ஏர்போர்ட் இருக்கும் டம்டம் பகுதியில் வெள்ளைக்காரனின் தோட்டா ஆலை இருந்தது. 1890களில் வடமேற்கு எல்லைச் சண்டைகளில், உறை போட்ட .303 குண்டு ஊசி மாதிரி துளைத்துப் போய்விடுகிறது, அடிபட்டவன் ஓடிவந்து வெட்டுகிறான் என்று சிப்பாய்கள் புகார் சொன்னார்கள். டம்டம் ஆலையின் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் மூக்கில் உறையில்லாமல் ஈயம் வெளியே தெரியும்படி ஒரு குண்டு செய்தார். அது பட்டவுடன் விரிந்தது. உலகம் முழுக்க இன்றும் விரியும் குண்டுக்கு "டம்டம்" என்று பெயர். 1899-ல் ஹேக் மாநாட்டில் போரில் இந்த மாதிரி குண்டு கூடாது என்று பிரகடனம் செய்தார்கள்.

போரில் கூடாது என்று சொன்ன சரக்கை அமெரிக்க போலீஸ் விரும்பி வாங்குகிறதே, ஏன்? போர்க்களத்தில் எதிரிக்குப் பின்னால் இருப்பவனும் எதிரி. தெருவில் திருடனுக்குப் பின்னால் இருப்பவர் காய்கறி வாங்க வந்தவர். அவரைத் தாண்டிப் போகாமல் குண்டு நிற்க வேண்டும். அதுதான் காரணம். ஹவில்தார் சொன்ன அதே விஷயம்.

எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1986 ஏப்ரல் 11-ம் தேதி மயாமியில் இரண்டு பேங்க் கொள்ளைக்காரர்களை எஃப்.பி.ஐ. மடக்கியது. (பேங்க் கொள்ளை என்றதும் எனக்குக் காது நிமிர்ந்துவிடும்.) சண்டையில் இரண்டு ஏஜென்ட்கள் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். கொள்ளைக்காரர்களில் ஒருவனுக்குத் தொடக்கத்திலேயே ஒரு 9 எம்.எம். ஹாலோ பாயிண்ட் பட்டது. அது கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்துக்கு எட்டாமல் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறமும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். அதன் பிறகுதான் எஃப்.பி.ஐ. முறையாகச் சோதனை வைத்தது. உடம்புத் தசைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்ப்பார்கள். 12 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. துணி, மரம், கண்ணாடி எல்லாவற்றையும் முன்னால் வைத்தும் சுடுவார்கள். இடையில் பெரிய தோட்டாக்களுக்குப் போன எஃப்.பி.ஐ., நவீன ஹாலோ பாயிண்ட்கள் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறியதால் 2010களின் நடுவில் 9 எம்.எம்.முக்கே திரும்பி வந்துவிட்டது.

ஆகவே மச்சினனுக்கு நான் சொன்னது:

1. வீட்டில் வைத்திருக்க, போலீஸ் துறைகள் வாங்குகிற பெரிய கம்பெனியின் ஹாலோ பாயிண்ட். பெட்டியில் மண்டை ஓடு படம், பயங்கரப் பெயர் போட்ட சரக்கு வேண்டாம். கோர்ட்டுக்குப் போனால் அந்தப் பெட்டியும் மேஜைமேல் வரும்.

2. வாங்கியதை அப்படியே டிராயரில் போடக்கூடாது. சில பிஸ்டலில் சில ஹாலோ பாயிண்ட் சிக்கும். இரண்டு பெட்டியாவது ரேஞ்சில் அதே தோட்டாவைச் சுட்டுப் பார்த்துவிட வேண்டும். பழகுவதற்கு விலை குறைந்த எஃப்.எம்.ஜே. போதும்.

3. ஹாலோ பாயிண்ட் என்றால் சுவரில் நின்றுவிடும் என்று நம்பக்கூடாது. அங்கே வீட்டுக்குள் இருப்பது செங்கல் சுவர் இல்லை, அரை அங்குல ஜிப்சம் பலகை. அந்தப் பலகையின் மாவு குண்டின் குழியை அடைத்துவிடும். அடைத்தால் விரியாது. விரியாவிட்டால் அதுவும் எஃப்.எம்.ஜே. மாதிரிதான், இரண்டு மூன்று ரூமைத் தாண்டிப் போகும். ஆளைத் தவறவிட்ட குண்டு எந்த ரகமானாலும் ஆபத்துதான்.

4. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்டை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளியே எடுத்துச் செல்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு. எடிசன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் விசாரித்துக்கொள்ளவும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்று கேட்டேன். "மாப்ள, ராத்திரி ரெண்டு மணிக்கு உன் பெட்ரூம் வாசல்ல நின்னு மாடிப்படியைப் பாத்து சுட்டா, குண்டு எங்க போய் நிக்கும்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "படிக்கு அந்தப் பக்கம் பாப்பா ரூம் அத்தான்" என்றான்.

அன்று ராத்திரி நாங்கள் தோட்டாவைப் பற்றி அப்புறம் பேசவில்லை. எந்த மூலையில் நின்றால் பின்னால் வெளிச்சுவர் வரும், குழந்தைகளை எந்த ரூமுக்கு வரச் சொல்வது, யார் போலீஸுக்கு போன் செய்வது என்று வீட்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு ஒரு மணி நேரம் பேசினோம். அவன் மனைவியும் வந்து உட்கார்ந்துகொண்டாள். முடிவாக அவள் சொன்னது: "அண்ணா, திருடன் வந்தா நகையை எடுத்துட்டுப் போகட்டும். நாங்க ரூமைப் பூட்டிக்கிட்டு உள்ளயே இருக்கோம். அவன் அந்தக் கதவை உடைச்சா மட்டும்தான் மத்ததெல்லாம்." எனக்கு அது சரியாகவே பட்டது.

இனி ஜோகுபாளையம்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தோட்டா தேர்ந்தெடுக்கிற கஷ்டமே இல்லை. சர்க்கார் அவருக்காக ஏற்கனவே தேர்ந்தெடுத்துவிட்டது. 9 எம்.எம்., .38, .455 எல்லாம் இங்கே தடை செய்யப்பட்ட போர். ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா ஜனங்கள் துப்பாக்கியில் போடும்படி இருக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் வந்த யோசனை இது. 1959 ஆயுதச் சட்டத்திலும் அதன் நிழல் தொடர்கிறது. மிச்சம் இருப்பது .32. கான்பூர் ஆலையின் .32 ரிவால்வர் அல்லது 'அஷானி' என்கிற .32 பிஸ்டல். 2014-ல் பெண்களுக்காக என்று 'நிர்பீக்' என்ற ரிவால்வர் விட்டார்கள். எடை அரைக்கிலோ, விலை ஏறக்குறைய 1,22,000 ரூபாய். அப்போது எங்கள் கிளையில் ஒரு கிளார்க்கின் பல மாதச் சம்பளம் அது. .32 ரிவால்வர் தோட்டாவின் விசை 9 எம்.எம்.மில் பாதிகூட வராது. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்திவிட்டதால் பழைய இறக்குமதித் துப்பாக்கிகள் கைமாறும்போது விலை எங்கேயோ போகும்.

அதற்கு முன்னால் லைசென்ஸ். பெங்களூரில் போலீஸ் கமிஷனர்தான் கொடுக்க வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். உயிருக்கு என்ன ஆபத்து என்று காட்ட வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு. 2016 விதிகளின்படி பயிற்சிச் சான்றிதழ், உடல்நல மனநலச் சான்றிதழ், வீட்டில் பத்திரமாக வைக்க இடம் இருக்கிறது என்று உறுதிமொழி எல்லாம் வேண்டும். எத்தனை தோட்டா வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கும், கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் அதில் வரவு வைப்பார். (எங்கள் பாஸ்புக் மாதிரி.) 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும். அதே திருத்தத்தில், கல்யாணம் கோயில் விழா என்று சந்தோஷத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு ஆட்கள் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால்? பூட்டின வீட்டில் விட்டுப் போனால் திருடனுக்கு ஒரு துப்பாக்கி இலவசம். பேங்க் லாக்கரில் வைக்கலாமா என்று அண்ணன் கேட்டார். ஆயுதம், வெடிபொருள் வைக்கக்கூடாது என்று எங்கள் லாக்கர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஸ்டேஷனிலோ கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். அதாவது அண்ணன் பயப்படுகிற திருட்டு நடப்பது ஆள் இல்லாத வீட்டில். அந்த நேரத்தில் துப்பாக்கியும் வீட்டில் இருக்காது.

சரி, ஆள் இருக்கும்போது வந்தால்? இங்கேதான் ஹவில்தாரின் கேள்வி. ஜோகுபாளையத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சந்தில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. மூன்று மாடிக்கும் வெளியிலிருந்து படி. எதிர்வீட்டு ஜன்னல் பத்தடிகூட இருக்காது, அதில் எப்போதும் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். செங்கல் சுவரை .32 தாண்டாது, அது நிஜம். ஆனால் கான்கிரீட்டில் பட்டுத் தெறிக்கும், இரும்பு கிரில்லில் பட்டுத் திரும்பும். கதவு வழியாக, ஜன்னல் வழியாக வெளியே போனால் அது போய் நிற்கும் இடம் யாருடைய வீடாகவோதான் இருக்கும். எந்த ரகத் தோட்டாவும் இதற்குத் தீர்வில்லை.

எங்கள் கிளையில் ஒரு குடகு நண்பர் இருக்கிறார். அவர்கள் வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ் வேண்டியதில்லை. குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விலக்கு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றமும் செல்லும் என்றது. கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். அந்தப் பூவுக்கு அவர்கள் வைத்த பெயர் தோக்குப்பூ, அதாவது துப்பாக்கிப்பூ. வேறொன்றும் இல்லை, நம்முடைய காந்தள்தான்! அவரிடம் கேட்டேன், உங்கள் ஜோகுபாளையம் வாடகை வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்று. சிரித்தார். "ஊருல எங்க வீட்டைச் சுத்தி காப்பித் தோட்டம் சார். சுட்டா மண்ணுலயோ மரத்துலயோ போய் நிக்கும். இங்க சுட்டா ஓனர் வீட்டு டிவியிலதான் நிக்கும்."

சட்டத்தின் கணக்கும் பார்க்க வேண்டும். தற்காப்பு உரிமை நமக்கு உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. கொள்ளையோ, சூரியன் மறைந்தபின் வீட்டை உடைத்து நுழைவதோ நடக்கும்போது உயிர் போகுமளவு தடுப்பதைக்கூட சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை என்று கடிவாளமும் போட்டிருக்கிறது. சந்து முனையில் ஓடிக்கொண்டிருப்பவன் முதுகில் சுட்டுவிட்டு தற்காப்பு என்று சொல்ல முடியாது. தேவை எவ்வளவு என்பதை நாம் இருட்டில் ஒரு நொடியில் முடிவு செய்வோம், கோர்ட் வெளிச்சத்தில் பல வருஷம் உட்கார்ந்து முடிவு செய்யும்.

அந்த ஒரு நொடியைப் பற்றி இரண்டு உதாரணம். இரண்டிலும் தோட்டா தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

1992 அக்டோபர் 17. அமெரிக்காவில் லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜ். யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன், ஹாலோவீன் பார்ட்டிக்குப் போனவன், வீடு மாறி வேறு வீட்டு மணியை அடித்துவிட்டான். வீட்டுக்காரர் .44 மேக்னத்துடன் வந்து நிற்கச் சொன்னார். வெளியூர்ப் பிள்ளை, புரியாமல் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். ஒரே குண்டு. ஜூரி வீட்டுக்காரரை விடுதலை செய்தது. பிறகு சிவில் வழக்கில் 6,50,000 டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கும் நமக்கெல்லாம் இது இரண்டு பக்கமும் உறைக்க வேண்டிய கதை. துப்பாக்கி வைத்திருப்பவர் நாமாக இருக்கலாம், வீடு மாறி மணி அடிக்கும் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

2013 பிப்ரவரி 14. தென்னாப்பிரிக்காவின் ப்ரிட்டோரியா. ஓட்டக்காரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ், பாத்ரூமில் திருடன் என்று நினைத்ததாகச் சொன்னார். பூட்டியிருந்த டாய்லெட் கதவு வழியாக நான்கு முறை சுட்டார். 9 எம்.எம்., விரியும் குண்டுகள். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். அவர் சொன்னதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. 2015-ல் கொலை என்றே தீர்ப்பளித்தது. கதவுக்குப் பின்னால் யார் இருந்தாலும் அது ஒரு மனித உயிர், அது தெரிந்துதானே சுட்டாய் என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது.

இன்னொரு பயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் பெங்களூர்த் தமிழன் எழுதின மாதிரி இருக்காது. பக்கத்து வீட்டு அண்ணனின் அப்பாவுக்கு 1991 டிசம்பர் மறக்கவில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு டிசம்பர் 11-ல் அரசிதழில் வந்ததும் ஊரெல்லாம் தமிழர்கள் மேல் பாய்ந்த நாட்கள். 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்தபோது அவர் மறுபடி அதே மாதிரி நடுங்கினார். மகன் துப்பாக்கி பற்றிப் பேசியதும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அன்னிக்கு நம்ம வீட்டு வாசல்ல எதுத்த வீட்டு கௌடரும் அவர் தம்பியும் நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாங்க. வந்தவங்க அவங்க மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிப் போனாங்க. நான் உள்ள துப்பாக்கியோட உட்கார்ந்திருந்தா ஆறு பேரச் சுட்டிருப்பேன். ஏழாவது ஆளுக்கு என்ன பண்ணியிருப்பேன்?" அந்த கௌடர் இப்போது இல்லை. அவர் பேரன் எங்கள் சந்து வாட்ஸ்அப் குழுவின் அட்மின்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் உட்கார்ந்து, காமர்ஸ் படித்தவன் புத்தியோடு வரவு செலவு போட்டோம். துப்பாக்கிப் பக்கம்: விலை, பயிற்சி, பெட்டகம், புதுப்பித்தல், தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷன். இன்னொரு வரி எழுத அவருக்குக் கை வரவில்லை, நான் எழுதினேன்: காலேஜ் படிக்கும் பையன் வீட்டில் இருக்கிறான். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. பரீட்சை மார்க் வரும் வீட்டில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. மறுபக்கம்: உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள், கொலாப்ஸிபிள் கேட், மாடிப்படியில் ஆள் நடமாடினால் எரியும் விளக்கு (கடையே அவருடையது, அடக்க விலை!), ஊருக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது, போனில் 112, நகைக்கு லாக்கர். லாக்கர் பற்றிச் சிலருக்குத் தெரியாத ஒன்று: 2022 ஜனவரி முதல், தீ, திருட்டு, கொள்ளை, ஊழியர் மோசடி போன்றவற்றால் நகை போனால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை பேங்க் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. முழு மதிப்பும் வராது, அதனால் தனியாக இன்ஷூரன்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் லைசென்ஸ் யோசனையை விட்டுவிட்டார். மச்சினன் விடவில்லை. அது அவன் ஊர், அவன் சட்டம், அவன் முடிவு. விரல் ரேகைக்குத் திறக்கும் பெட்டகம் கட்டில் பக்கத்தில் பொருத்தியிருக்கிறான், மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போகிறான், பாப்பா ரூமை வீட்டின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டான். நகையில் பாதியை அக்காவிடம் கொடுத்து அனுப்பப் போகிறானாம். அதைக் கேட்டதிலிருந்து வீட்டுக்காரம்மாவுக்கு அவன் துப்பாக்கி வாங்கியதில் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

பி.கு.: வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு. ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையை அப்படியே எடுத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். பையின் ஓரத்தில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்தாலும் இந்திய ஏர்போர்ட்டில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். அது பையில் இருப்பது தெரியாது என்று நிரூபித்து வெளியே வந்தவர்கள் உண்டு, ஆனால் அதற்குள் லீவும் முடிந்திருக்கும், கல்யாணமும் முடிந்திருக்கும். சிங்கப்பூர் வழியாக வருகிறவர்கள் இரண்டு தடவை தேடுங்கள். அங்கே சட்டம் இன்னும் கடுமை, பிரம்படியும் உண்டு. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, லைனிங்கைக் கிழித்தாவது பார்த்துவிட்டு அப்புறம் அதில் சாக்லேட்டை அடுக்குங்கள்.